முழங்காலுக்குக் கிடைத்த ஓராண்டு

கூடைப்பந்து விளையாடும் பிள்ளைகளை அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்த்துவிடும் தொழிலில், பந்து கூடைக்குள் விழுவதைப் பார்க்க நேரமே கிடைக்காது. ஓர் அணியில் இத்தனை பேருக்குத்தான் புலமைப்பரிசில், ஒரு பிள்ளை இத்தனை ஆண்டுதான் விளையாடலாம் என்று அங்கே இரண்டு வரம்புகள். இரண்டுக்கும் நடுவில் தலையைக் கொடுத்துக்கொண்டு சிட்னியில் இருப்பவன் நான். பிள்ளைக்கு ஓர் இடம் கிடைக்குமா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

பந்துக்கா படிப்பு?

குவேக்கர்ஸ் ஹில் பகுதியில் இருக்கும் யோகநாதன் தன் மகள் அபிராமியுடன் வந்தார். பிள்ளை கிட்டத்தட்ட ஆறடி. பன்னிரண்டாம் வகுப்புச் சோதனை நெருங்கிய நேரம். நான் முன்பு அனுப்பிய தர்சிகா என்ற பிள்ளை அமெரிக்காவில் ஒரு கல்லூரி அணியில் நாலாம் ஆண்டில், அதாவது கடைசி ஆண்டில் இருந்தாள். அவள் முடித்துப் போனதும் அந்த இடம் அபிராமிக்கு என்று அந்த அணியின் பயிற்றுநர் வாய்ச்சொல் தந்திருந்தார்.

படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம் என்று விளக்கினேன். அபிராமியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கதிரையில் இருக்கவே முடியவில்லை அவளுக்கு. தகப்பனுக்குத்தான் மனம் ஆறவில்லை. “அண்ணை, கணக்கில முதலாவதா வாற பிள்ளை. அதை விட்டிட்டு, பந்து எறியிறதுக்கோ உவங்கள் படிப்பிக்கப் போறாங்கள்?”

பந்து பொறுக்கியவள்

அங்கே போட்டிப் பருவம் தொடங்கிய கையோடு தர்சிகாவின் முழங்கால் தசைநார் அறுந்தது. சத்திரசிகிச்சைக்காக இங்கே செவன் ஹில்ஸில் இருக்கும் தாய் வீட்டுக்கு வந்தாள். காயத்தால் ஒரு பருவத்தை இழந்தவர்களுக்கு மேலதிகமாக ஓராண்டு கேட்கலாம் என்று விதி உண்டு. கேட்டேன். அப்படிக் கிடைத்தால் அபிராமியின் இடம் என்ன ஆகும் என்று பயிற்றுநரிடமும் கேட்டேன். பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தர்சிகா நொண்டி நொண்டி இங்குள்ள உள்ளரங்குக்குப் பயிற்சிக்கு வந்தபோது துணைக்கு வந்தவள் அபிராமி. சோதனை முடிந்து வீட்டில் இருந்த பிள்ளை, பந்து பொறுக்கிக் கொடுத்தாள், முழங்காலுக்கு ஐஸ் வைத்தாள், “இன்னும் ஒருக்கா, அக்கா” என்று விரட்டினாள். ஒருநாள் என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். “அங்கிள், அக்காவுக்கு அந்த வருஷம் கிடைச்சா நாங்க ரெண்டு பேரும் ஒரே ரீமில விளையாடலாம்!”

இரண்டாவது பெட்டி

மேலதிக ஆண்டு கிடைத்தது. தர்சிகாவின் தாய் சாந்தி வடை சுட்டு இரண்டு பெட்டிகளில் கொண்டு வந்தார். ஒன்று எனக்கு. மற்றது, மகளைத் தேற்றி எழுப்பிய அபிராமி வீட்டுக்கு நான் கொடுக்க. சந்தோசத்தில் அழுதார், எனக்கும் கண் கலங்கியது.

அவர் இருக்கும்போதே பயிற்றுநர் அழைத்தார். வாழ்த்தினார். பிறகு, தர்சிகா இருப்பதால் அணி நிரம்பிவிட்டது, அபிராமிக்கு இந்த வருடம் இடமில்லை என்றார். அதை அப்படியே சாந்தியிடம் சொன்னேன். சாந்தி எழுந்து நின்றுவிட்டார். “தம்பி, மற்றப் பெட்டியைக் குடுக்காதேங்கோ. நான் எந்த முகத்தோட அந்தப் பிள்ளைக்கு வடை குடுக்கிறது?”

சும்மா இருக்கும் வருடம்

மற்றக் கல்லூரிகளும் அதற்குள் நிரம்பிவிட்டன. ஒரே ஒரு வழிதான் இருந்தது. தர்சிகா வெளியேறும்வரை அபிராமி ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் இங்கே எந்தப் பல்கலைக்கழகத்திலும் முழுநேரமாகச் சேரக் கூடாது. சேர்ந்தால் விளையாடும் ஆண்டுக் கணக்கு அன்றே ஓடத் தொடங்கிவிடும். முழுக் கணக்கும் கையிலிருக்கும் பிள்ளைதான் வேண்டும் என்று பயிற்றுநர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

யோகநாதனிடம் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். ஆண்டு நடுவில் நடக்கும் சேர்க்கையில் மகளை இங்கேயே பல்கலைக்கழகத்தில் முழுநேரமாகக் கணக்கியல் படிக்கச் சேர்த்துவிட்டுத்தான் எனக்கே சொன்னார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் கண்ணும் சிவந்திருந்தது. “பிள்ளை ஒரு வருஷம் வீட்டில சும்மா இருந்தா, கேக்கிற சனத்துக்கு நான் என்னண்ணை சொல்லுறது?”

முதல் ஆட்டம்

தர்சிகா அமெரிக்காவில் மீண்டும் இறங்கிய முதல் ஆட்டத்துக்கு மறுநாள், அபிராமியை உள்ளரங்கில் கண்டேன். சின்னப் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏதாவது ஆறுதல் சொல்ல நினைத்தேன். ஆட்டம் பார்த்தாயா என்றுதான் கேட்க வந்தது. என் வாய்க்கு அவ்வளவுதான் புத்தி. அவள் பந்தைத் தட்டிக்கொண்டே தலையாட்டினாள். “ஓம் அங்கிள், அக்காட கால் நல்லா வந்திட்டுது. அதை மட்டும் பாத்திட்டு ஃபோனை மூடிட்டன்.”

ஒரு வீட்டுக்கு நல்ல செய்தி சொல்லிவிட்டு, அதே செய்தியை அடுத்த வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் போலிருக்கிறது.