இடது முன்சக்கரம்

பட்டுக்கோட்டையில் தஞ்சாவூர் சாலையோரமாக விண்ணரசியும் அவள் கணவன் வேதநாயகமும் கார் ஷெட் வைத்திருந்தார்கள். அவள் ஐ.டி.ஐ. படித்துவிட்டு திருச்சியில் ஒரு சர்வீஸ் சென்டரில் ஏழு வருடம் வேலை பார்த்தவள். வயர், சென்சார், ஸ்கேனர் எல்லாம் அவள் பொறுப்பு. பிரேக்கும் பேரிங்கும் அவன் பொறுப்பு. ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைப்பதில்லை. பதினாறு வருடமாக அப்படித்தான் ஓடியது.

தை மாதம், அறுவடை நேரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஜெய்னுலாபுதீன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதிராம்பட்டினத்துக்காரர், அறுபதைத் தொடுகிற வயது. மனைவி பர்வினுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் அவரே காரை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூருக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போய்வருவார். அன்றும் அங்கிருந்துதான் திரும்பிக்கொண்டிருந்தார். பின்சீட்டில் பர்வின் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

"ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஸ்பீடு முள்ளு சட்டுனு சைபருக்கு விழுந்துருதும்மா. கொஞ்ச நேரத்துல அதுவா ஏறிக்கிது. ஏபிஎஸ் லைட்டும் மஞ்சளா எரியுது" என்றார்.

"வேற எங்கயாச்சும் காட்டினீங்களா பாய்?"

"காட்டினேன். மீட்டரையே மாத்தணும்னாங்க."

இந்தக் காரில் ஸ்பீடோமீட்டருக்கென்று தனி கேபிள் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் ஒரு சென்சார் உட்கார்ந்து, சக்கரம் சுற்றுவதை எண்ணிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கு பிரேக்கைக் கவனிக்கும் ஏபிஎஸ் பெட்டிக்குப் போய், அங்கிருந்துதான் மீட்டருக்கு வரும். விண்ணரசி ஸ்கேனரை மாட்டினாள். இடது முன்சக்கரத்து சென்சாரில் கோளாறு என்று காட்டியது.

அவள் வழக்கமாக அதோடு விடமாட்டாள். நான்கு சக்கரங்களின் வேகக் கோடுகளையும் ஸ்கேனர் திரையில் ஓடவிட்டு, மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டிப் பார்ப்பாள். அன்று பின்சீட்டில் பர்வின் முனகிக்கொண்டிருந்தாள். மேலும், அந்தச் சக்கரத்துப் பேரிங் இரண்டு மாதத்துக்கு முன்னால் வேதநாயகம் மாற்றிப் போட்டது. அதில் சந்தேகப்பட எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. அரை மணி நேரத்தில் சென்சாரை மாற்றி, பைபாஸில் அறுபதில் ஓட்டிப் பார்த்தாள். முள் ஆடாமல் நின்றது.

"சரியாயிருச்சு பாய். நேரா வீட்டுக்குப் போங்க" என்றாள்.

வியாழக்கிழமை ஒன்றும் ஆகவில்லை. சனிக்கிழமை காலை தூறிக்கொண்டிருந்தது. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில், வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று வேகத்தடைக்காக முன்னால் நின்றது. ஜெய்னுலாபுதீன் மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தார். பிரேக்கை மிதித்தார். மிதி காலுக்கடியில் தடதடவென்று உதைத்தது, வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் இன்னும் இரண்டு முழம் போய் டிரெய்லரில் மோதியது. பெரிய மோதல் இல்லை. பம்பர்தான் நசுங்கியது. ஆனால் அன்று முன்சீட்டில் இருந்த பர்வின் பயத்தில் இடது கையை முன்னால் ஊன்றிவிட்டாள். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருந்த கை அது.

மறுநாள் பூசை முடிந்ததும் விண்ணரசி பஸ் பிடித்துத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பர்வினின் முழங்கைக்குக் கீழே நீலம் பாய்ந்திருந்தது. கழுத்தோரம் ஒரு குழாயைச் செருகிப் பிளாஸ்திரி போட்டிருந்தார்கள்.

"இதுல கை வச்சா பூனை உறுமுற மாதிரி அதிரும். இப்ப தொட்டுப் பாரு" என்றாள் பர்வின்.

விண்ணரசி தொட்டாள். கை வெறுமனே கிடந்தது. உள்ளே ரத்தம் உறைந்துபோய்விட்டதாம். வலது கையில் புதிதாக இணைப்பு வைக்கவேண்டும், அது ஊசி தாங்கும் அளவுக்குத் தேற மாதக்கணக்கில் ஆகும், அதுவரை கழுத்துக் குழாய்தான்.

வராந்தாவில் ஜெய்னுலாபுதீன் சொன்னார்: "காலைல கிளம்பும்போதே முள்ளு ஒரு தடவை ஆடுச்சும்மா. உனக்கு ஒரு போன் பண்ணியிருக்கணும். நேரமாயிருச்சேன்னு வந்துட்டேன். என் தப்பு."

அவர் தன்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

திங்கட்கிழமை கார் ஷெட்டுக்கு வந்தது. வேதநாயகம் சாமான் வாங்கக் கும்பகோணம் போயிருந்தான். அவள் ஸ்கேனரை மாட்டி, சந்துக்குள் பத்து, பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினாள். திரையில் மூன்று கோடுகள் சேர்ந்து போயின. இடது முன்சக்கரத்துக் கோடு மட்டும் சீரான இடைவெளியில் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. சக்கரம் ஒரு சுற்று, ஒரு பள்ளம். புது சென்சார் சரியாகத்தான் எண்ணியது. எண்ணவேண்டியதில்தான் ஒரு இடம் காணவில்லை. சக்கரம் ஓடாமல் இறுகிவிட்டதென்று நினைத்து ஏபிஎஸ் பெட்டி பிரேக்கைத் தளர்த்தியிருக்கிறது.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றி, ஷாஃப்டையும் உருவினாள். சென்சார் எண்ணுவது பேரிங்கின் உள்பக்கத்தில் இருக்கும் காந்த வளையத்தை. காந்தத்தைக் காட்டும் பச்சைத் தாளை அதன்மேல் வைத்தாள். வட்டம் முழுக்கச் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கோடுகள் தெரிந்தன. ஓரிடத்தில் மட்டும் கோடுகள் கலைந்து கிடந்தன. டார்ச் அடித்தாள். அந்த இடத்தில் நகம் பதிந்தது போல வளைந்த ஒரு நசுங்கல். அது சுத்தியல் பட்ட தடம்.

பேரிங்கைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தித்தான் ஏற்றவேண்டும். கார்த்திகையில் அவர்களுடைய பிரஸ் ஆயில் கசிந்து ரிப்பேருக்குப் போயிருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. சக்கரத்தைத் திருப்பி மாட்டாமல் அப்படியே விட்டுவைத்தாள்.

வேதநாயகம் வந்ததும் தாளை வைத்துக் காட்டினாள்.

"ரோட்டுல பள்ளத்துல விழுந்து அடிபட்டிருக்கும்" என்றான்.

"உள்பக்கம் எப்படிங்க அடிபடும்? அன்னைக்கு பிரஸ் இல்ல. அடிச்சா ஏத்துனீங்க?"

"ஊர்ல எல்லாரும் அடிச்சுத்தான் ஏத்துறான்."

"இது காந்த வளையம் வச்ச பேரிங். நம்மகிட்ட இல்லன்னா வேற இடத்துல குடுத்து ஏத்தியிருக்கலாமே."

"நீ மட்டும்? சென்சாரை மாத்துனவ ஏன் பாக்கல?"

அவன் கேட்டது நியாயம்தான். தாளை மடித்து வைத்துவிட்டு, "பாய்கிட்ட சொல்லப்போறேன்" என்றாள்.

"சொல்லு. அப்புறம் இந்த ஷெட்டுக்கு எவன் வருவான்னும் நீயே பாத்துக்க."

அவள் சொன்னாள். போனில் சொல்ல மனம் வராமல் அதிராம்பட்டினத்துக்கே போய், அவர்கள் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து, பேரிங்கில் என்ன நடந்தது, தான் எதைப் பார்க்காமல் விட்டாள் என்று இரண்டையும் சொன்னாள். ஜெய்னுலாபுதீன் கைலி ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

"நீ இங்க வந்தது அவருக்குத் தெரியுமா?"

"சொல்லணும்னு சொன்னேன் பாய். இன்னைக்கு வர்றது தெரியாது."

அவர் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "வண்டி எப்ப கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டார். பர்வின் அன்று அறையை விட்டு வெளியே வரவில்லை.

புது பேரிங்கை விண்ணரசி வேதநாயகத்திடம் கொடுக்கவில்லை. முத்துப்பேட்டை சாலையில் ஷஹ்பாஸ் என்பவரின் பட்டறையில் பிரஸ் போட்டு ஏற்றிக்கொண்டு வந்தாள். வேதநாயகம் பார்த்துக்கொண்டேதான் நின்றான். இந்தத் தடவை மழையில், வெயிலில், ஊர்ந்தும் ஓடியும், திரும்பத் திரும்ப பிரேக் பிடித்தும் இரண்டு நாள் பார்த்தாள். நான்கு கோடுகளும் ஒன்றாகப் போயின. வண்டி சரியாகிவிட்டது. ஆனால் ஜெய்னுலாபுதீன் அதன்பிறகு அந்த ஷெட்டில் வண்டியை விடவில்லை.

வேதநாயகம் வீட்டில் சாப்பிட்டான், வேலைக்கு வந்தான், வேண்டியதற்கு மட்டும் பேசினான். தவக்காலம் போய் ஈஸ்டரும் வந்தது. தவறு தன்னுடையது என்று ஒரு நாளும் அவன் வாயிலிருந்து வரவில்லை. வேறு பட்டறைக்குப் பேரிங்கைக் கொண்டுபோனதற்கு அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆனி மாதத்தில் பர்வின் போன் செய்தாள். நடுவில் கழுத்துக் குழாயில் சீழ் பிடித்துப் பத்து நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தாளாம். இப்போது வலது கையில் ஊசி குத்த ஆரம்பித்துவிட்டார்களாம். பேச்சு முடிகிற நேரத்தில், "ஒங்க வீட்டுக்காரர் வந்தாரு, தெரியுமா?" என்றாள்.

"எங்க வந்தாரு?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். சீழ் வச்சுக் கிடந்தேன்ல, அப்ப. கதவு வரைக்கும் வந்து நின்னாரு. உள்ள வாங்கன்னு கூப்பிட்டோம், வரல. 'நான் சுத்தியால அடிச்சுட்டேன்'னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு அப்படியே போயிட்டாரு."

"பாய் என்ன சொன்னாங்க?"

"அவர் என்ன சொல்லுவாரு. எனக்குத்தான் ரெண்டு நாள் கோவம் அடங்கல. இப்பவும் முழுசா அடங்கலன்னு வச்சுக்கயேன்."

போனை வைத்துவிட்டு விண்ணரசி ஷெட்டின் அந்தப் பக்கம் பார்த்தாள். வேதநாயகம் ஒரு வேனின் அடியில் படுத்திருந்தான், கால் மட்டும் தெரிந்தது. பக்கத்தில் போய் நின்றாள். பர்வின் சொன்னதைக் கேட்டுவிடலாமென்று தோன்றியது. பிறகு, தன்னிடம் சொல்ல முடியாததை அங்கே போய்ச் சொல்லியிருக்கிறான், அதை இங்கே இழுத்துவந்து அவன் முன்னால் போடவேண்டாம் என்று நினைத்தாள்.

"டீ வாங்கிட்டு வரவா?" என்று கேட்டாள்.

வேனுக்கடியில் ஸ்பேனரைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"ம்" என்றான்.