கஸ்பார் இறக்கிய பியட்

காரின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள சந்தில் கையை நுழைக்கிறார் கஸ்பார். நான்கு விரல் தாராளமாகப் போகிறது. எழுந்து அந்தப் பக்கம் போகிறார். அங்கேயும் அதே கை, அதே விரல்கள். வண்டிக்காரர் என்ஜின் சத்தத்தைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறார். அது கஸ்பார் காதில் ஏறுவதில்லை. அவர் கேட்பது ஒரே ஒரு கேள்வி.

"பின்னாடி யார்யாரு குந்துவாங்கோ?"

விம்கோ நகர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, இரண்டு தகரக் கொட்டகையும் ஒரு வேப்பமரமும் சேர்ந்ததுதான் அவருடைய ஸ்பிரிங் பட்டறை. வண்டிகளின் அடியில் வில் மாதிரி வளைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும் எஃகுப் பட்டைகளைக் கழற்றி, வளைவைச் சரிசெய்து, மறுபடி பூட்டுகிற தொழில். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் நாள் கணக்கில் வரிசைகட்டி நிற்கிற சாலை அது. வேலைக்குக் குறைவே இல்லை. லாரிக்காரர்கள் கேட்பதும் ஒன்றேதான்: இன்னொரு பட்டை சேர்த்துத் தூக்கிக் கொடு.

பதினோரு வருஷமாக எதிரே நின்று பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் நான். எண்ணூர் பஸ் நேரத்துக்கு வந்திருந்தால் எனக்குக் கஸ்பாரைத் தெரிந்திருக்காது. வயது அறுபதை நெருங்குகிறது. காக்கி அரை டிராயர், மேலே பொத்தான் போடாத சட்டை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. வேலையில் இறங்கும்போது அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொள்வார். வாழ்நாள் முழுவதும் கார்களோடு புழங்குகிறவர் கார் ஏறுவதில்லை. ராயபுரத்து வீட்டிலிருந்து பட்டறைக்குச் சைக்கிள்தான். கேட்டால், "சைக்கிளுக்குப் பட்டையும் இல்ல, பேஜாரும் இல்ல" என்பார்.

மனிதர்களின் பெயர் அவருக்கு நிற்காது. ஒரு தடவை கை வைத்த வண்டியை மட்டும் மறக்கமாட்டார். அதுவும் நம்பரை வைத்து அல்ல, அதன் பின்சீட்டை வைத்து. பாண்டு வாத்தியக்காரர் ஒருவரின் அம்பாசிடர் அவருக்கு 'ரெண்டு பேரும் ஒரு பெரிய மோளமும்'. மாதாகோயில் தெரு டாக்டரின் கார், 'குண்டம்மா வலது பக்கம்'. ஆறுமுகநயினாரின் தந்த நிற பியட் காருக்கு இருந்த பெயர், 'நாலு புள்ள, மடியில ஒண்ணு'.

ஆறுமுகநயினார் ராயபுரத்தில் கருப்பட்டி மண்டி வைத்திருப்பவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே வேர்விட்ட குடும்பம். எண்பத்து நான்கில் அந்த பியட்டை வாங்கியபோது ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து பிள்ளைகளும் மனைவி ராமசெல்வியும் பின்சீட்டில் ஏறுவார்கள். டிக்கியில் கருப்பட்டிச் சிப்பங்களும் ஏறும். வண்டியின் பின்பக்கம் தரையைத் தேய்த்தது. கஸ்பார்தான் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை கூடுதலாகச் சேர்த்து, வண்டியைத் தூக்கிக் கொடுத்தார். அப்படியே எண்ணூர்க் கடற்கரைக்குப் போய், அவித்த கடலை தின்று, மணலோடு திரும்பி வருவார்கள். திரும்பும் வழியில் பட்டறை வாசலில் வண்டி வேகம் குறையும். ஐந்து பிள்ளைகளும் சன்னலில் தலை நீட்டிக் கத்துவார்கள். அந்தக் கூச்சலைச் சொல்லும்போது கஸ்பாரின் முகம் இப்போதும் இளகிவிடும்.

அதே வண்டி இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு காலை நேரம் மறுபடி வந்து நின்றது. பிள்ளைகள் ஐந்து பேரும் ஐந்து ஊரில். ராமசெல்விக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி நான்கு மாதம். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு நடைப் பயிற்சிக்குப் போயாக வேண்டும். பிள்ளைகள் புதுக் கார் ஒன்று வாங்கி அனுப்பினார்கள். அதன் சீட் பள்ளத்தில் கிடந்ததால் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. பியட்டின் சீட் நாற்காலி மாதிரி நிமிர்ந்தது, அவருக்கு அதுதான் தோது. ஆனால் ஏழு பேருக்காகத் தூக்கிய வண்டி, ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு குதித்தது. பின்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கித் தர வேண்டும் என்று கேட்டார் ஆறுமுகநயினார்.

"தூக்கணும்னா சொல்லு அண்ணாச்சி, இப்பவே தூக்கித் தரேன். எறக்குற வேல இங்க செய்றதில்ல" என்று கஸ்பார் சொல்லிவிட்டு லாரி அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதன் காரணத்தை எனக்குச் சொன்னவர் பகலவன். வியாசர்பாடி எம்.கே.பி. நகர்க்காரர், கஸ்பாரின் வயதை ஒத்தவர், இருபத்தைந்து வருஷமாக அங்கே சம்மட்டி அடிப்பவர். தொண்ணூறில் ஹென்றி என்று கஸ்பாருக்கு ஒரு நண்பர் இருந்தார். ஒரே தெரு, ஒன்றாக வளர்ந்தவர்கள். ஹென்றி துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். தங்கை கல்யாணத்துக்குத் தன் பழைய காரின் பின்பக்கத்தை இறக்கித் தரும்படி கேட்டார். கப்பல் மாதிரி தழைந்து போக வேண்டும் என்று ஆசை. கல்யாணத்துக்கு ஒரு நாள்தான் இருந்தது. பட்டைகளைக் குளிர்ந்தபடியே அடித்து வளைவை எடுக்க மூன்று நாளாகும். கஸ்பார் கேஸ் நெருப்பைக் காட்டிச் சிவக்கவைத்து, ஒரே மத்தியானத்தில் நிமிர்த்திவிட்டார். அப்படிச் சுட்ட எஃகுக்கு உயிர் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். நண்பன் கேட்டானே என்று செய்தார்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. எட்டாம் நாள் காத்திவாக்கத்துக்குப் பக்கத்தில் பட்டை இரண்டாக உடைந்து, வண்டி விளக்குக் கம்பத்தில் போய் மோதியது. ஹென்றியின் வலது முழங்கை நொறுங்கி, கோணலாகக் கூடியது. கிரேன் வேலை போயிற்று; வாசலில் பாஸ் பார்க்கிற வேலை கொடுத்தார்கள். "வண்டி பழசு, அதான்" என்றுதான் ஹென்றி கடைசிவரை ஊருக்கெல்லாம் சொன்னார். கஸ்பாரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ரெண்டு அறை உட்டிருந்தா இவுரு தேறியிருப்பாரு சார்" என்றார் பகலவன். அன்றிலிருந்து பதினோரு வருஷம், எத்தனையோ இளவட்டங்கள் வந்து கெஞ்சியும் கஸ்பார் ஒரு வண்டியைக்கூட இறக்கவில்லை.

ஆறுமுகநயினார் திரும்பிப் போனார். அடுத்த நாள் ராமசெல்வியையே அழைத்துவந்தார். அவர் இறங்கி வேப்பமர நிழலில் ஊன்றுகோலோடு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். ஒரு கையால் கதவைப் பிடித்து, மறு கையால் தன் காலைத் தானே தூக்கி, ஒரு சாமானை வைப்பது போல வண்டிக்குள் வைத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உடம்பை உள்ளே தள்ளினார். கஸ்பார் லாரி அடியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து, ரொம்ப வலிக்குதாம்மா என்று கேட்டார்.

"ஏறிருவேண்ணே" என்றார் ராமசெல்வி. "பள்ளத்துல தூக்கிப் போடுதப்பதான் உயிரு போயிட்டு வருது."

கஸ்பார் வாசலில் நின்று லாரி வரிசையைப் பார்த்தார். சிலுவையை முதுகுப் பக்கம் தள்ளினார். "நாளைக்கு வண்டிய உட்டுட்டுப் போ அண்ணாச்சி. மூணு நாளு ஆவும். அவசரப்படுத்தாத" என்றார்.

முதல் காரியமாகக் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டுபோய் டீக்கடைப் பின்புறம் வைத்துவிட்டு வந்தார்கள். கண்ணில் பட்டால் கை துருதுருக்கும் என்று பயந்தாரோ என்னவோ. பிறகு பட்டைகளைக் கழற்றித் தரையில் பரப்பினார்கள். பதினேழு வருஷத்துக்கு முன்னால் சேர்த்த பட்டைகளைத் தனியாக எடுத்து வைத்தார் கஸ்பார். வந்து நின்ற ஆறுமுகநயினாரிடம், "இது உன் புள்ளைங்க குந்துன பட்டை" என்றார். ஆறுமுகநயினார் அதைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய கிரீஸைத் துடைக்கவில்லை.

மீதிப் பட்டைகளுக்கு எவ்வளவு வளைவு வேண்டும் என்று சிமென்ட் தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு வரைந்தார். பட்டையை அடைகல்லில் வைத்துக் கஸ்பார் பிடிக்க, பகலவன் அடித்தார். ஓர் அடி, கட்டைவிரல் அகலம் நகர்த்தல், மறுபடி ஓர் அடி. பத்து அடிக்கு ஒரு தரம் கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். மூன்று நாளும் எனக்குப் பஸ் தாமதமாக வந்தது. அந்த ஒரே சீரான ஓசையைக் கேட்டபடி நின்றேன். இரண்டு லாரிக்காரர்கள் பொறுமையிழந்து வேறு பட்டறைக்குப் போனார்கள். கஸ்பார் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் எல்லாவற்றையும் பூட்டினார். கடைசி நட்டுகளை மட்டும் இறுக்காமல் விட்டிருந்தார். வண்டியில் உட்காருகிறவர் உட்கார்ந்த பிறகுதான் அவற்றை இறுக்குவது அவர் வழக்கம். ராமசெல்வியைப் பின்சீட்டில் ஏறச் சொன்னார். இந்தத் தடவை காலைக் கையால் தூக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் உட்காருவது மாதிரி சாய்ந்து உட்காரச் சொல்லிவிட்டு, வண்டிக்கடியில் போய்ப் படுத்தார். நான்கு நட்டுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கொஞ்சம் நிறுத்தி, மூச்சு விட்டு, இறுக்கினார். வெளியே வந்து சந்தில் கையை வைத்தார். இரண்டரை விரல்.

ஓட்டிப் பார்க்க வேண்டும். கஸ்பார் மண்ணெண்ணெயில் கை கழுவி, சட்டைப் பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு, முன்கதவைத் திறந்து ஆறுமுகநயினாருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பகலவன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு நடந்ததை ஆறுமுகநயினார் எனக்குச் சொன்னார். இருக்கிற சாலைகளிலேயே மோசமானதாகப் பார்த்துப் போகச் சொன்னாராம் கஸ்பார். ரயில்வே கேட்டைத் தாண்டி, அலை தின்று மீதி வைத்த கடலோரச் சாலையில் போனார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் கஸ்பார் சன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, அடியிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டார். காத்திவாக்கம் வந்தபோது மட்டும் கதவுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஊர் தாண்டும் வரை விடவில்லை. எண்ணூரில் வண்டியைத் திருப்பினார்கள்.

விம்கோ நகர் வந்து, பட்டறைக்குத் திரும்ப ஆறுமுகநயினார் வேகத்தைக் குறைத்தார். எப்படி இருந்தது என்று மனைவியைக் கேட்க வாயெடுத்தார். கஸ்பார் அதற்குள் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டார். நான்கு மாதமாக வலியில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் கண்ணயராத ராமசெல்வி, கன்னத்தைச் சன்னல் ஓரத்தில் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஸ்டியரிங்கைத் திருப்பப்போன ஆறுமுகநயினாரின் கையை மெல்லத் தொட்டு நிறுத்தினார் கஸ்பார். சாலையின் நேர்ப்பக்கம் விரலைக் காட்டினார்.