ஆம்பூரில் கந்தகம் பிரிக்கும் குழாய்

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வேலூரில் பேருந்து ஏறினேன். ஆம்பூருக்கு ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். பக்கத்து இருக்கைக்காரர், "இன்னா சார், பிரியாணிக்கா, செருப்புக்கா?" என்று கேட்டார். "டீசலுக்கு" என்றேன். "பங்க் வேலூர்லயே கீதே" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

எட்டு மணிக்கு, ஊருக்கு வெளியே இருந்த சிறிய ஆய்வுக்கூடத்தில் பயணக் கட்டுரைக்காகப் போன என்னை அதன் பொறுப்பாளர் குமுதா வரவேற்றார். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்காக இங்கே வினையூக்கி செய்கிறார்கள். பார்க்கச் சீரகம் போல நீலக் குச்சிகள். அவற்றை உருக்குக் குழாயில் நிரப்பி, முந்நூற்றைம்பது டிகிரி சூட்டில் டீசலையும் ஹைட்ரஜனையும் செலுத்தினால், கந்தகம் வாயுவாகப் பிரிந்துவிடும். பத்து லட்சம் பங்கு டீசலில் பத்தே பங்கு கந்தகம்தான் மிஞ்சலாம். நாட்டில் ஓடும் லாரிகளின் புகையை இந்தக் குச்சிகள் மாற்றுகின்றன என்று அவர் சொன்னபோது மலைத்துப்போனேன்.

"மூணு நாளா சோதனை ஓடுது சார். நாலு மணிக்குள்ள ஆலைக்கு ரிசல்ட் சொல்லலைன்னா ஆர்டர் வேற ஊருக்குப் போய்டும்" என்றார் குமுதா.

பகல் இரண்டரை. குமுதாவும் நான்கு ஊழியர்களும் நானும் உள்ளே இருந்தோம். கந்தக வாயுவின் அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்தது. குமுதா குனிந்து குழாய் இணைப்புகளைத் தடவிக்கொண்டே, "நாத்தம் வருதா சார்?" என்றார். "வருது" என்றேன். சற்று நேரத்தில் மறுபடி கேட்டார்.

"இப்ப நாத்தமே இல்லைங்க" என்றேன் மகிழ்ச்சியாக.

குமுதா சோதனையை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தார். "எல்லாரும் வெளிய ஓடுங்க!" என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். நாங்கள் வாசலைத் தாண்டிய பிறகுதான் உள்ளே எச்சரிக்கை மணி அலறியது.

"எங்கப்பா தோல் பதனிடுற ஷாப்புல தொட்டி கழுவுறவரு" என்றார் மூச்சு வாங்க. "உள்ள ஒருத்தர் இறங்கினா, மேல ஒருத்தர் நின்னு நாத்தம் வருதான்னு கேட்டுட்டே இருக்கணும். வரலைன்னா உடனே மேல தூக்கிடணும். கேஸ் ஜாஸ்தியானா முதல்ல மூக்கு செத்துடும் சார். அப்புறம் ஆளு."

மூன்று நாள் சோதனை வீண்.

சரியாக நாலு மணிக்கு ஆலை அதிகாரி போனில் வந்தார். "கந்தகம் எவ்வளவு மிஞ்சிச்சு, நம்பர் என்னம்மா?"

"நம்பர் இல்ல சார். லீக் ஆச்சு, நிறுத்திட்டேன். உள்ள ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரும் வெளிய வந்துட்டோம்."

"லீக்கை அடைச்சுட்டு மறுபடி ஓட்டும்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கேன்" என்றார் அதிகாரி.

குமுதா அப்போதுதான் அங்கிருந்த கல்லில் உட்கார்ந்து அழுதார்.

ஐந்தரை மணி பேருந்தில் திரும்பினேன். மலைகளையும் கோயில்களையும் பார்த்து எத்தனையோ முறை வியந்திருக்கிறேன். அன்று வழி முழுக்க வியந்தது, அந்த ஆறு பேரில் நானும் ஒருவன் என்பதைத்தான்.