பின்பால் மெஷின் இருக்கிற வூட்டில் பெண் பார்க்க வந்தார்கள்

பின்பால் மெஷின் சேர்க்கிற வீட்டில் ஜெபத்துக்கு அடுத்தபடியாக வேண்டியது அகலமான வாசற்கதவு. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கால் வைத்த நீளப் பெட்டி, மேலே கண்ணாடி. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு ஓடிப்போய் முட்டும். முட்டுகிற இடமெல்லாம் விளக்கு எரியும், மணி அடிக்கும், எண் சக்கரம் சுழன்று மார்க் ஏறும். எண்பதுகளில் வீடியோ கேம் வந்ததும் பெங்களூர் கிளப்புகளில் இவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். டெலிபோன் எக்சேஞ்சில் மெக்கானிக்காக இருந்த என் வீட்டுக்காரர், "உள்ள இருக்கறதெல்லாம் நம்ம எக்சேஞ்சு ரிலே சுவிட்சுதான்" என்று ஒவ்வொன்றாக எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்குக் கொண்டுவந்தார்.

அவை வர ஆரம்பித்த வருஷம்தான் எங்கள் மகள் செலினுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தோம். சூதாட்ட வூடு என்று பேர் கிளம்பிவிட்டால் யார் பெண் எடுப்பார்கள்? வீட்டுக்காரர் எதையாவது சேர்க்கிற சகோதரிகளுக்கு என் பாடு புரியும்.

தக்காளி லாரியில் வந்த பெட்டி

பெங்களூரில் தக்காளி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியில்தான் மெஷின் வரும். காலைக் கழற்றி, தலைப்பக்கத்தைத் தனியாக எடுத்துவிட்டு, பெட்டியை மட்டும் வெள்ளை வேட்டியில் சுற்றிக் கட்டியிருப்பார். முதல் மெஷின் வந்த அன்று நான் காலைப் பூசை முடிந்து வந்துகொண்டிருந்தேன். எங்கள் மூத்தவன் அப்போது பெங்களூரில் வேலை பார்த்தான். எதிர்வீட்டு ராஜம்மா மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்து, "அக்கா, பெங்களூர்ல இருந்து பெட்டி வந்திருக்குது" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். கோயிலில் துக்க மணி ஒற்றை ஒற்றையாக அடிக்க ஆரம்பித்தது. மாதாவே என்றுகூட வாய் வரவில்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து என்னை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

வாசலில் என் வீட்டுக்காரர் பெட்டிக்குக் கால் மாட்டிக்கொண்டிருந்தார். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கோயிலில் மணி அடித்த உபதேசியார் வேர்க்க வேர்க்க வந்து பெட்டியையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெட்டி வந்துருச்சு, மணியும் அடிச்சாச்சு. ஆளு யாருன்னு சொன்னீங்கன்னா குழி வெட்டச் சொல்லிருவனுங்க."

தீர்த்தம் பட்டதும்

செலினுக்குக் கம்பைநல்லூர் சம்பந்தத்தைச் சொன்னவரே எங்கள் பங்குச் சாமியார்தான். அவர் எங்கள் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த நாளில் இவர் ஒரு மெஷினின் முதுகைத் திறந்துபோட்டுக் கரண்டைக் கொடுத்து வைத்திருந்தார். அதன் முகப்புக் கண்ணாடியில் அரைகுறைத் துணியோடு மூன்று வெள்ளைக்காரப் பெண்களின் படம். நான் அவர்களுக்கு முன்னால் முந்தானையை விரித்து நின்றேன். சாமியார் பின்பக்கமாகப் போய்த் தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார்.

கடகடவென்று உள்ளே ஏதோ ஓடியது. யாரும் தொடாமலே மணி அடித்தது, சக்கரம் சுழன்றது, மார்க் ஏறிக்கொண்டே போனது. சம்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். இவர் பாய்ந்துபோய் சுவிட்சை அணைத்தார். சாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "தீர்த்தத்துக்கு மார்க் விழுந்து இப்பத்தாம்மா பாக்கறேன். அந்த மூணு பொண்ணுங்கள மட்டும் மூடி வைங்க, கம்பைநல்லூர்க்காரங்க ஞாயித்துக்கிழமை வர்றாங்க."

போர்வைக்குள் வெளிச்சம்

ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினையும் போர்வை போட்டு மூடினேன். அவர்கள் வருவதற்கு முன் கரண்ட் போனது. நல்லதுதான் என்று ஸ்தோத்திரம் சொன்னேன். ஆனால் இவர் அதற்குச் சற்று முன்புதான் போர்வையை விலக்கி ஒரு மெஷினில் ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறார். கரண்ட் போனதும் மறுபடி மூடினாரே தவிர சுவிட்சை அணைக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா அதிகம் பேசாத மனுஷி. மிக்சர் தட்டைத் தொடவுமில்லை. "என்னமோ வெளையாட்டு மெஷினுன்னு கேள்விப்பட்டோம்" என்றார். நான் வாய் திறப்பதற்குள் கரண்ட் வந்தது. போர்வைக்குள் சிவப்பும் மஞ்சளுமாக வெளிச்சம், கடகட சத்தம், மணி. அந்தம்மா சிலுவை போட்டுக்கொண்டார். செலின் காபித் தட்டோடு அப்படியே நின்றாள்.

மாப்பிள்ளை எழுந்துபோய்ப் போர்வையை விலக்கினார். இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று இவர் ஆடச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு தரம் குண்டு பள்ளத்தில் விழுந்தது. மூன்றாவது தரம் விழப் பார்க்கவும் மாப்பிள்ளைக்குக் கோபம் வந்து மெஷினைப் பிடித்து உலுக்கினார். பட்டென்று மெஷினின் விளக்கெல்லாம் அணைந்தது. தலை குனிந்து நிற்க வேண்டிய செலின் பேசினாள்: "அத உலுக்கக் கூடாதுங்க. உலுக்கினா கோவிச்சுக்கும். விட்டுட்டு அடுத்த குண்டப் பாருங்க."

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். அந்தம்மா முதல் தடவையாக மிக்சர் தட்டைப் பக்கத்தில் இழுத்தார். "இருபத்தேழு வருசமா நானுந்தான் இவங்கிட்டச் சொல்றேன், எதையும் உலுக்காதடான்னு. உங்க பொண்ணு சொன்னதும் கைய எடுத்துட்டான் பாருங்க. சாமியார்கிட்டக் கல்யாண ஓலை எழுதச் சொல்லிரலாங்க."

பின்பால் மெஷின் சேர்த்தால் தூசி சேரும், கரண்ட் அடிக்கும், போதாததற்கு அத்தையைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டு நேரே மெஷினிடம் போகிற மருமகனும் வந்து சேர்வார்.