கபுருக்கு முன் வந்த கேள்விகள்

பிரஜாவுரிமைப் பேச்சு தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் ஓடிக்கொண்டிருந்த வருடங்களில், வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்து மருந்துச்சாலையில் எனக்கு வேலை. பெரிய வியாதிகளை டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம். காய்ச்சலும் வெட்டுக்காயமும் என் பாடு. இரண்டே கட்டில்கள்.

ஒரு நாள் நண்பகலில், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் கிடந்தார் என்று ஒரு மனிதரைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்தார்கள். பக்கத்தில் துணி மூட்டை கிடந்ததாம். தோட்டம் தோட்டமாகச் சேலை விற்கிறவராக இருக்கும். யாருக்கும் முகம் தெரியவில்லை. ஈரத்துணியைக் களைந்து உடம்பைத் துடைக்கும்போதே முஸ்லிம் என்று தெரிந்தது. டவுன் பள்ளிவாசல் லெப்பையைக் கூட்டி வர ஆள் அனுப்பினேன்.

அப்போது என்னோடு இருந்தவர் உபதேசியார். தோட்டத்து மாதா கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர். குருமடத்தில் சில காலம் படித்தவர். இருமல் மருந்துக்கு வந்தவர், கட்டிலைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

வெளியே மூடுபனி கண்ணாடியில் அப்பிக்கிடந்தது. பகலிலேயே விளக்கேற்ற வேண்டியிருந்தது. நான் கட்டிலில் கிடந்தவரின் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். நாடி அகப்படவில்லை. குளிரில் என் விரல்தான் மரத்துவிட்டது என்று நினைத்துக் கையைத் தேய்த்து மறுபடி பிடித்தேன். அப்போதும் இல்லை. அந்த நேரத்தில்தான் அவர் கண் திறந்தார்.

எங்களைப் பார்க்கவில்லை. கட்டிலின் வலப்பக்கம் பார்த்தார். யாரோ கேட்டதைக் கேட்டுக்கொள்வதுபோல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"என் ரப்பு அல்லாஹ்."

பிறகு இடப்பக்கம் பார்த்தார். மறுபடி அதே மௌனம்.

"என் மார்க்கம் இஸ்லாம்."

குரலில் காய்ச்சலின் குழறல் இல்லை. வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்கிறவரைப்போல் தெளிவாக இருந்தது. வலம், இடம் என்று மாறி மாறி இன்னும் சில பதில்கள். இறைவன் யார், மார்க்கம் எது என்று தொடங்கி, வேதம் எது, தொழுகிற திசை எது என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். உபதேசியார் என் காதருகே குனிந்தார்.

"யாருகிட்டங்க பேசுறாரு?"

நான் பதில் சொல்வதற்குள் அந்த மனிதரின் பார்வை என் பக்கம் திரும்பியது. என்னைத் தாண்டி, என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அவசரமாகத் தலையசைத்தார்.

"இல்லைங்க. இவரு இன்னும் மவுத்தாகல."

நான் இன்னும் சாகவில்லை என்று யாருக்கோ சொன்னதோடு அவர் கண் நிலைத்துவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. உபதேசியார் பார்த்தார். மருந்துப் புட்டிகளைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை என்று பிறகு சொன்னார்.

லெப்பை வந்து சேரும்போது பனி சற்று விலகியிருந்தது. இந்தியாவில் பல வருடம் ஓதிவிட்டு வந்தவர். நடந்ததைச் சொன்னேன். எந்தப் பதிலுக்குப் பிறகு எந்தப் பதில் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"அது கபுர்ல கேக்குற கேள்வி தம்பி. ரெண்டு மலக்குமாரு, வானத்துத் தூதருங்க, வந்து கேப்பாங்க. ஆனா மையத்த அடக்கி, மண்ணத் தள்ளிட்டு ஆளுங்க திரும்பின பிறகுதான் வருவாங்க. உசுரோட இருக்கிறவங்ககிட்ட வரமாட்டாங்க."

"எங்கள்லயும் அப்படித்தாங்க," என்றார் உபதேசியார். "தனித்தீர்வைன்னு சொல்லுவோம். ஆத்துமா பிரிஞ்ச உடனே நடக்கும். பிரியறதுக்கு முன்னால இல்ல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லெப்பை என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அவரு பேசுறப்ப நாடி எப்படி இருந்துச்சு?"

இல்லை என்றேன்.

மறுநாள் தொழிற்சாலை லொறியில் மையத்தை டவுன் மையவாடிக்குக் கொண்டுபோனோம். அடக்கியதும் லெப்பை தலைமாட்டில் உட்கார்ந்து தல்கீன் ஓதத் தொடங்கினார். மலக்குகள் கேட்டால் இன்னின்ன பதில் சொல் என்று இறந்தவருக்கு எடுத்துச் சொல்கிற ஓதல் அது. பாதியில் நிறுத்திவிட்டார். மண்ணைப் பார்த்தபடி இருந்தார். பிறகு மிச்சத்தைத் தாழ்ந்த குரலில் ஓதி முடித்தார். வழியில் காரணம் கேட்டேன்.

"எல்லாம் சொல்லி முடிச்ச ஆளுக்குச் சொல்லிக்குடுக்கிறோமோன்னு நாக்கு கூசிருச்சு. கடமையாச்சே, விட ஏலுமா?"

இறந்தவரைத் தேடி யாரும் வரவில்லை. துணி மூட்டையைப் பள்ளிவாசல்காரர்கள் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

விஷயம் லயங்களுக்குப் பரவிவிட்டது. அந்தக் கட்டிலில் படுக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. மற்றக் கட்டிலில் ஆள் இருந்ததால், காய்ச்சலோடு வந்த ஒரு பெண் வெறும் சிமெந்துத் தரையில் சுருண்டுகொண்டாள். அதைப் பார்த்த உபதேசியார் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஊசிக்காக வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அந்தக் கட்டிலில் நீட்டிப் படுத்தார்.

நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். உதடுகள் செபத்தில் அசைந்தன. ஓரிடத்தில் அசைவு நின்றது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, உற்றுக்கேட்பவர்போல் இருந்தார். பிறகு எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார்.

"நல்ல கட்டிலுதான். படும்மா," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

அவள் படுத்தாள், பிழைத்தும் போனாள். உபதேசியாரை வாசல்வரை கொண்டுவிட்டேன். என்ன கேட்டது என்று கேட்க வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து, நாடி பார்க்கிற இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். என் நாடி துடிப்பது தட்டுப்பட்ட பிறகுதான் கையை விட்டார். பிறகு பனிக்குள் இறங்கிப் போனார்.