வெட்டிய முத்தங்களும் ஒரு சொம்புத் தண்ணீரும்

என் தம்பி அழுததைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. மலையில் தோட்டமும் போடியில் ஏலக்காய் வியாபாரமுமாக இருக்கிறவன். ஒரு பழைய இத்தாலியப் படம் என்றால் அவனுக்கு உயிர். அதைப் பார்த்து அழாதவர்கள் மனுசரே இல்லை என்பான். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னையும் தன் மகளையும் டிவி முன்னால் உட்கார வைத்தான். கீழே ஓடுகிற ஆங்கில வரிகளை அவள்தான் எங்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

அந்தப் பிள்ளை வீட்டில் பேச்சை விட்டே நாளாகியிருந்தது. குரங்கணி ஜீப்பு டிரைவர் மகனோடு பஸ் ஸ்டாண்டில் நின்று பேசியதை யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். தம்பி அவள் போனைப் பிடுங்கினான், கல்லூரியை நிறுத்தினான், தேனியில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயத்துக்கு நாளும் குறித்துவிட்டான். அவள் வேண்டாம் என்றது யார் காதிலும் ஏறவில்லை.

படம் நல்ல படம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஒரு சின்ன ஊர்த் தியேட்டர். முத்தக் காட்சி வந்தால் பாதிரியார் மணியடிப்பார். ஆபரேட்டர் அந்தத் துண்டை வெட்டிவிடுவார். மணிச் சத்தம் கேட்டதும் எங்கள் அப்பாவின் செருமல் ஞாபகம் வந்தது. டிவியில் கதாநாயகன் கதாநாயகி பக்கத்தில் போனால் போதும், அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆத்தா, தண்ணி கொண்டா" என்பார். நான் சொம்போடு திரும்புவதற்குள் அவர்களுக்குப் பிள்ளையே பிறந்திருக்கும். தம்பி மட்டும் அசையாமல் உட்கார்ந்து பார்ப்பான்.

"அந்தப் பையன் தான் விரும்புற பொண்ணு சன்னலுக்குக் கீழ தினமும் வந்து நிக்கிறான்" என்றாள் தம்பி மகள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "அவ அப்பாவுக்குப் பிடிக்கல. ஊரை விட்டே கூட்டிட்டுப் போயிட்டாரு."

"பாவம்த்தா, சேத்து வச்சிருக்கலாம்ல" என்று தம்பி துண்டில் மூக்கைச் சிந்தினான். மகளைப் பார்த்தே சொன்னான்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். வேறு யாரோ வெட்டிய முத்தத்துக்கு அழுவது எவ்வளவு சுகம்! உலகமே இந்தப் படத்துக்கு அழுகிறது என்றால், அதில் பாதிப் பேர் தங்கள் வீட்டில் மணியடிக்கிறவர்களாகத்தான் இருப்பார்கள்.

படத்தில் பல வருஷம் கழித்து, வெட்டிப்போட்ட முத்தங்களையெல்லாம் ஒட்டிவைத்த சுருள் திரையில் ஓடுகிற இடம் கடைசியில் வந்தது. எல்லோரும் தேம்பி அழுவது அங்கேதான். முதல் முத்தத்துக்கே தம்பி தொண்டையைச் செருமினான்.

"ஆத்தா, வெரசா தண்ணி கொண்டா."

அவள் எழுந்தாள். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"வேணும்னா நீயே போயிக் குடி. இம்புட்டு அழுகுறியே, இவ போனைக் குடு. காலேசுக்கு அனுப்பு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "அது படம்க்கா."

"அப்ப நிச்சயத்துக்கு நான் வரல. ஏன் வரலன்னு கேக்குறவுககிட்ட நானே சொல்றேன்."

சிரிப்பு நின்றது. கூடப்பிறந்தவள் வராத நிச்சயத்தைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று அவனுக்குத் தெரியும். திரையில் முத்தங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவன் பார்க்கவில்லை. அவன் மகள் பார்த்தாள், என் கையை விடாமல், கடைசி முத்தம் வரைக்கும்.