மதாம் எலேனாவுக்கு மொழிபெயர்த்த காலம்

மொழிபெயர்க்கிறவன் இரண்டு பக்கத்தாலும் பேச்சு வாங்குவான். நீங்களும் யாருக்காவது, வதிவிட அட்டை கொடுக்கிற அரச ஒபீசான பிரெபெக்தூரில் மொழிபெயர்த்திருப்பீர்கள், உங்களுக்கே தெரியும்.

கதிரைப் பிரச்சினை

ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், அகதிகளுக்கு உதவுகிற எங்கட சின்ன ஒபீசில் கதிரையெல்லாம் காலி, சனமெல்லாம் நிற்குது. மதாம் எலேனா நிற்கிறா என்று எங்கட ஆட்கள் உட்காரவில்லை. ஆட்கள் நிற்கினம் என்று அவ உட்காரவில்லை. சிலியிலிருந்து அகதியாக வந்து, ஒபீஸ்கள் கூட்டித் துடைத்து, பிறகு பிராந்திய சபைக்குத் தெரிவானவ. தென்னமெரிக்காவிலிருந்து வந்து அந்தச் சபைக்குள் போன முதல் ஆள். அவவுக்கு முன்னால் எங்கட சனம் உட்காருமா?

நான் படிப்பை விட்டவன், பொறுமையும் இல்லை. தமிழிலும் பிரெஞ்சிலும் கத்தினேன். கடைசியில், உணவகமொன்றில் கோப்பை கழுவுகிற மன்னார் அந்தோனி அண்ணை கதிரை நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். உடனே மதாமும் உட்கார்ந்தா. அண்ணை என்ர காதுக்குள் சொன்னார்: "தம்பி, ஊரில எம்.பி. எண்டால் நாங்கள் வாசலோடயே நிண்டிருப்பம்."

பக்கத்து வாசல்

அண்ணையின் அகதி மனுவை நிராகரித்து, நாட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். ஊருக்குப் போனால் பிடிபடுவார். மதாம் தானே பிரெபெக்தூருக்கு வருவதாகச் சொன்னா. காலமை நாங்கள் போக, குளிரில் எங்களுக்கு முன்னமே அவ வரிசையில் நிற்கிறா. காவல்காரர் அடையாளம் கண்டு, பக்கத்து வாசலால் வரச் சொல்லி மரியாதையாகக் கூப்பிட்டார். அவ அசையவில்லை. எனக்குக் கால் விறைத்துவிட்டது, ஏன் போகவில்லை என்று ஆத்திரத்தோடு கேட்டேன்.

"நானும் இதே வரிசையில நிண்டனான். அந்த வாசலால போனவையைப் பார்த்து அப்ப என்ன நினைச்சன் எண்டது எனக்கு மறக்கேல்லை."

கண்ணாடிக்கு அங்கால்

கண்ணாடிக்கு அங்கால் இருந்த அதிகாரி முடியாது என்றார். மதாம் குரலை உயர்த்தவில்லை. அண்ணையின் தம்பியை மன்னாரில் பிடித்துக்கொண்டு போனது புதுச் செய்தி, அதைப் பார்க்காமல் அனுப்ப ஏலாது என்றா. அவர் மறுக்க மறுக்க, அதே மரியாதையோடு மறுபடி முதலிலிருந்து சொன்னா. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எனக்குப் படிப்பித்த ஒருத்தரிடமும் நான் அப்படி ஒரு பொறுமையைக் கண்டதில்லை. கடைசியில், மனுவைத் திரும்பப் பார்க்கும்வரை அண்ணை இருக்கலாம் என்று முத்திரை விழுந்தது.

அண்ணை அழுதார். இவ மாதா அனுப்பின ஆள் என்று சொல்லச் சொன்னார், சொன்னேன். மதாமின் முகம் இறுகிப்போனது. "நான் ஒண்டும் தயவு செய்யேல்லை. இது அவற்ற உரிமை. ஒருத்தருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லை எண்டு அவருக்குச் சொல்லு."

மொழிபெயர்க்கத்தான் எனக்குச் சம்பளம், ஆனால் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்ற அந்த மனிசனுக்கு அதை மட்டும் நான் இன்றுவரை தமிழில் சொல்லவில்லை.